கந்தையின் கிரயம்

மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாகப் போய்ப் பாலாற்றைக் கடந்து, மாதேசுவரன் மலைச் சாலையிலிருந்து காட்டுக்குள் விலகும் கிளைப் பாதையில் சென்றால் கோபிநத்தம் வருகிறது. 1956 நவம்பர் 1 வரையில் சென்னை ராஜ்யத்துக் கோயம்புத்தூர் ஜில்லாவின் கொள்ளேகால் தாலுகாவில் இருந்து, ராஜ்யங்கள் மொழிவாரியாகத் திருத்தியமைக்கப்பட்டபோது மைசூர் ராஜ்யத்துக்குப் போய், 1997 வரையில் மைசூர் மாவட்டத்து ஊராகவும் அதன்பின் சாமராஜநகர் மாவட்டத்து ஊராகவும், இருந்த இடத்தைவிட்டு ஓரடியும் நகராமலே விலாசத்தை மட்டும் மாற்றிக்கொண்டுவந்த இந்தக் கிராமத்தில் வீட்டுப் பேச்சு இன்றைக்கும் தமிழ்தான். பத்திரிகை படிப்பவர்கள் இவ்வூரை ஒரே ஒரு மனிதனுடைய பெயரோடு சேர்த்தே அறிவார்கள். அந்தக் கதை இங்கே வேண்டாம். நான் எழுத எடுத்துக்கொண்டது, அவ்வூர்த் திண்ணை ஒன்றின் ஓரத்தில் கிடந்த கயிற்றுக் கட்டிலையும் அதன்மேல் வெயிலுக்கு விரித்திருந்த போர்வையையும் பற்றியது.

பழஞ்சேலைகளை நாலைந்து மடிப்பாக அடுக்கி, மேலே வேறு வேறு துணித் துண்டுகளை ஒட்டுப்போட்டு, கையால் தைத்த போர்வை அது. கட்டம் போட்ட கைலித் துண்டு ஒன்று. சாயம் போன அரக்குச் சேலையின் முந்தானை. காக்கித் துணியில் ஒரு சதுரம். அந்தக் காக்கிச் சதுரத்தில், பிரித்தெடுத்த சட்டைப்பையின் அளவுக்கு மாத்திரம் நிறம் வெளுக்காமல் கருமையாக இருந்ததனால், ஏதோ ஒரு பையன் அதை வருஷக்கணக்காகப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போயிருக்கவேண்டும் என்பது தெரிந்தது. காட்டு விடுதியில் இரண்டு நாள் தங்க வந்திருந்த பெங்களூர் அம்மையார் ஒருவர், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் விளிம்பைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “பாட்டி, இதைக் கொடுப்பீர்களா? என்ன விலை?” என்று கேட்டார்.

“ஏஞ்சாமி, இந்தக் கந்தலுக்கா வெல கேக்கறீங்க? கொளத்தூருச் சந்தையில புதுசே கெடைக்குதே!” என்று பாட்டி சிரித்தார். அம்மையார் மூவாயிரம் ரூபாய் தருவதாகச் சொன்னார். பாட்டியின் சிரிப்பு நின்றுவிட்டது.

தைத்தவள் கந்தல் என்று தள்ளுகிற ஒன்றை, அதற்கு யாதொரு சம்பந்தமும் இல்லாத அந்நியர் புதுப் போர்வையின் விலையைப்போலப் பல மடங்கு கொடுத்து ஏன் வாங்க விரும்புகிறார் என்பதே நமது விஷயம். குளிருக்காக என்று சொல்வதற்கில்லை. ஆலையில் நெய்த கம்பளி அதைவிட மலிவு. அழகுக்காக என்றால், அதைவிட அழகான துணிகள் கடைத்தெருவில் குவிந்து கிடக்கின்றன. பழமையில் உள்ள மோகம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோரும் உண்டு. அந்தச் சமாதானம் எனக்குப் போதவில்லை.

முதலில் அந்த வார்த்தையைப் பார்ப்போம். கந்தை என்பது ‘கந்தா’ என்னும் வடசொல்லின் தமிழ் உருவம். ஒட்டுப்போட்டுத் தைத்த துணி, அதிலும் முக்கியமாகத் துறவிகள் போர்த்திக்கொள்வது, என்பதே அதன் பொருள். இதே சொல் வங்காளத்தில் ‘காந்தா’ என்று வழங்கி, பெண்கள் தம் குழந்தைக்கும் தகப்பனுக்கும் மருமகனுக்கும் சிரத்தையோடு தைத்துக் கொடுக்கிற கலைப்பொருளின் பெயராக உயர்ந்திருக்க, நம்மிடத்திலோ தரித்திரத்தின் அடையாளமாகி, கசக்கியாவது கட்டிக்கொள்ளும்படி பழமொழி புத்தி சொல்லும் நிலைக்கும், கெட்டுப்போன கதையெல்லாம் ‘கந்தலாகிவிட்டது’ என்று ஆகும் நிலைக்கும் தாழ்ந்துவிட்டது. சீதோஷ்ணம் இதற்கு ஒரு காரணமாகலாம். வருஷத்தில் பத்து மாதம் வியர்க்கும் தேசத்துக்குப் பவானி ஜமக்காளமும் ஒரு துப்பட்டியும் போதும். கனத்த போர்வைக்கு இங்கே கௌரவம் ஏற்பட அவசியம் இல்லை. ஆனால் ஒட்டுத் தையல் தமிழனுக்குத் தெரியாத வித்தை என்று எண்ணவேண்டாம். தேரிலும் கோயில் மண்டபத்திலும் தொங்குகிற தொம்பைகளில், சிவப்பும் மஞ்சளும் வெள்ளையும் பச்சையுமாகத் துணியை வெட்டி ஒட்டித் தைக்கிற வேலை தஞ்சாவூர்ப் பக்கத்தில் இன்றும் நடக்கிறது. தெய்வத்துக்கு ஒட்டுத்துணி அலங்காரம், மனிதனுக்கு அவமானம் என்று நாம் ஒரு பாகப்பிரிவினை செய்துகொண்டிருக்கிறோம்.

பௌத்தர்கள் இந்தப் பிரிவினையை ஒப்புக்கொள்ளவில்லை. குப்பையிலும் மயானத்திலும் பொறுக்கிய துணிகளைத் தைத்து உடுப்பதைப் பிட்சுக்களின் தர்மங்களில் ஒன்றாக வைத்தார்கள். மகத தேசத்து நெல் வயல்கள் வரப்புகளால் பாத்தி பாத்தியாகப் பிரிந்து கிடப்பதைக் காட்டி, அதைப்போலச் சீவர ஆடையை அமைக்க முடியுமா என்று புத்தர் ஆனந்தரைக் கேட்டதாகவும், ஆனந்தர் அவ்வாறே தைத்துக் காட்டியதாகவும் விநய பிடகம் சொல்கிறது. துண்டாக்கி ஒட்டிய துணிக்கு விற்பனை மதிப்பு இல்லாமற்போகிறது, ஆகவே திருடன் அதைத் தொடமாட்டான் என்பதும் அந்த ஏற்பாட்டின் சௌகரியங்களுள் ஒன்று. விலைபோகாது என்பதற்காகவே கிழித்து ஒட்டப்பட்ட துணி, ஒட்டியிருக்கிறது என்பதற்காகவே விலைபோகிற காலத்துக்கு நாம் வந்திருக்கிறோம்.

இந்தப் போர்வைக்கு ஊருக்கு ஒரு பெயர்: தெலுங்கில் பொந்த, மராட்டியில் கோதடி, வட கர்நாடகத்தில் கௌதி, சிந்து தேசத்தில் ரல்லி, பீகாரில் சுஜனி. கோபிநத்தம் இருக்கிற அதே கர்நாடகத்தில், வடமேற்கு மூலையில், உத்தர கன்னட மாவட்டத்துக் காடுகளில் சித்திகள் தைப்பதற்குக் கவந்தி என்று பெயர். விலைக்கு வாங்கப்படும் கந்தையின் கதையைச் சொல்ல இதைவிடத் தக்க உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சித்திகள் ஆப்பிரிக்க வம்சத்தவர். போர்த்துகீசியர் காலத்தில் கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களுள் பலர் தப்பியோடி மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் குடியேற, அவர்களுடைய சந்ததியார் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு தாலுகாக்களில் இந்துக்களாகவும் முஸ்லிம்களாகவும் கிறிஸ்தவர்களாகவும் வாழ்கிறார்கள். 2003-ல் கர்நாடகத்தில் இவர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். மழை ஓயாது கொட்டும் அந்தப் பிரதேசத்தில், ஈரம் ஊறிய மண் வீட்டில், தரையில் விரிக்கவும் மேலே போர்த்தவும் கவந்தி வேண்டும். புதிதாக வாங்கப் பணம் இல்லாத வீட்டில் பழந்துணிதான் அதற்கு மூலதனம்.

அவர்கள் தைக்கும் முறை தனித்தன்மையுடையது. சட்டம் கிடையாது, கோடு கிழிப்பது கிடையாது. ஒரு பழஞ்சேலையைத் தரையில் விரித்து, அதன் ஒரு மூலையில் துணித் துண்டை வைத்து, ஓரத்தை விரலாலே உள்மடித்து, அடித்துணியோடு சேர்த்து ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே விளிம்பு நெடுகச் செல்கிறாள் தைப்பவள். துண்டு முடியும் இடத்தில் அடுத்த துண்டு அதன்கீழே நுழைகிறது. நான்கு பக்கமும் சுற்றி வந்தபின் ஒரு விரற்கடை உள்ளே தள்ளி அடுத்த சுற்று. இப்படிப் பிரதட்சிணம் செய்வதுபோலச் சுற்றிச் சுற்றி, வெளியிலிருந்து உள்ளே வந்து, கடைசியில் நடுவில் எஞ்சும் சிறு இடத்தை ஒரு துண்டால் மூடும்போது போர்வை முடிகிறது. மேல்துணியை முதலில் இணைத்துவிட்டுப் பிறகு அடித்துணியோடு சேர்ப்பது மேல்நாட்டு வழக்கம். இவளுக்கோ இணைப்பதும் கோப்பதும் ஒரே தையல். எந்த நிறத்தின் பக்கத்தில் எந்த நிறம் என்பது முன்கூட்டித் தீர்மானமாவதில்லை. கைக்கு எட்டும் குவியலும் அந்த நேரத்து மனமும் தீர்மானிக்கின்றன. ஆயினும் நான்கு மூலைகளிலும் துணியைப் பல மடிப்பாக முக்கோணமாக மடித்து ‘பூல’ என்கிற பூவை வைத்துத் தைக்காவிட்டால் போர்வை முடிந்ததாகக் கணக்கில்லை. பூ இல்லாத போர்வை நிர்வாணமானது என்பது சித்திப் பெண்களின் அபிப்பிராயம். குளிருக்கும் இந்தப் பூவுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஏழையின் கைவேலை வெறும் அவசியத்தோடு நின்றுவிடும் என்று பேசுகிறவர்களுக்கு இந்த நான்கு மூலைகளையும் காட்டலாம்.

இப்போது கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஆறடி நீளமும் நாலடி அகலமும் உள்ள ஒரு போர்வையில் அரை அங்குல இடைவெளியில் தையல் ஓடுவதாக வைத்துக்கொண்டால், 96 வரிசை. வரிசைக்கு 72 அங்குலம். மொத்தம் 6,912 அங்குலத் தையல். அங்குலத்துக்கு ஆறு குத்து என்றால், நாற்பத்தோராயிரத்துக்கு மேல். குத்துக்கு இரண்டு விநாடி என்று கருமித்தனமாகக் கணக்கிட்டாலும் 23 மணி நேரம் ஆகிறது; துணி தெரிந்தெடுப்பது, கிழிப்பது, மடிப்பது, நூல் கோப்பது, கண் கூசி எழுந்துபோவது, அடுப்பில் பொங்குகிற சோற்றைப் பார்க்க ஓடுவது எதுவும் இதில் சேரவில்லை. இந்த நாற்பதாயிரம் குத்துகளும் வீணில்லை. மடிப்புகளுக்கிடையே காற்றை அறை அறையாக அடைத்துவைப்பது தையல். அந்தக் காற்றுதான் சூடு காக்கிறது. நூல் இழுத்த இடமெல்லாம் சிறு பள்ளமும் இடையே சிறு மேடுமாகத் துணி அலையலையாகச் சுருங்குவதும் அதனால்தான். பலமுறை துவைத்துப் பசையெல்லாம் போன பருத்தியின் மென்மையைப் புதுத் துணியில் எந்த ரசாயனமும் உண்டாக்கிவிடாது. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடாமல் தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றுகிற நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கண்ணேறு பற்றிய நம்பிக்கை ஒருபுறம் இருந்தாலும், இந்தத் தோலின் சாஸ்திரமும் தெரிந்தே இருந்தது.

வாங்குபவர் பக்கத்துக்கு வருவோம். தார்ஸ்டீன் வெப்லன் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் 1899-ல் வெளியிட்ட ‘ஓய்வு வர்க்கத்தின் கோட்பாடு’ என்ற நூலில், கையால் அடித்த வெள்ளிக் கரண்டியையும் யந்திரத்தில் செய்த கரண்டியையும் ஒப்பிட்டு, கைவேலையின் கோணல்கள் விலையுயர்ந்தவை என்பதற்கு அத்தாட்சியாக இருப்பதனாலேயே அழகென்று கொண்டாடப்படுகின்றன என்று ஈவிரக்கம் இல்லாமல் எழுதினார். பெரிய மனிதர் வீட்டுச் சுவரில் தொங்கும் கந்தைகளைப் பார்க்கும்போது அவர் சொன்னது பொய்யென்று கூற மனம் வரவில்லை. ஆனால் முழு உண்மையும் அதுவன்று. 2015-ல் ஃபுக்ஸ், ஷ்ரையர், வான் ஒசெலார் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள், கையால் செய்தது என்று சொல்லப்பட்ட பொருளை மக்கள் ஏன் அதிகம் விரும்புகிறார்கள் என்று பரிசோதித்து, அதில் செய்தவரின் அன்பு அடங்கியிருப்பதாக அவர்கள் உணர்வது ஒரு காரணம் என்றும், தமக்கு வாங்கும்போதைவிடப் பிரியமானவர்களுக்குப் பரிசாக வாங்கும்போது அந்த விருப்பம் மிகுகிறது என்றும் கண்டார்கள். இது யோசிக்கத் தக்க முடிவு. தான் செலவிட முடியாத நேரத்தை வேறொருத்தி செலவிட்டிருக்கிறாள். அந்த நேரத்தைக் கிரயம் கொடுத்து வாங்கி, தன் மகளுக்குத் தன் அன்பாகக் கொடுக்க மனிதன் விரும்புகிறான். கலை ஆராய்ச்சியாளர் ஆனந்த குமாரசுவாமி கைத்தொழிலைப் பற்றி எழுதியபோதெல்லாம் உபயோகத்தையும் சௌந்தரியத்தையும் பிரிக்கலாகாது என்று வாதாடினார். வாங்குபவர்கள் அவ்விரண்டையும்விட இந்த மூன்றாவது வஸ்துவுக்கே அதிகப் பணம் கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

கல்கத்தாவுக்கு அருகே ஜோக்காவில், குருசதய் தத் என்ற ஐ.சி.எஸ். உத்தியோகஸ்தர் கிராமம் கிராமமாகச் சேகரித்த பொருள்கள் காட்சிச்சாலையில் இருக்கின்றன. அவற்றுள் மானதசுந்தரி என்ற பெண் தன் தகப்பனாருக்காகத் தைத்த காந்தா ஒன்று, அவள் பெயரை ஊசியாலேயே எழுதித் தாங்கியிருக்கிறது. பழஞ்சேலைக் கரைகளிலிருந்து நூலை உருவியெடுத்து, அதே நூலால் பூவும் தேரும் மனிதரும் தைப்பது அந்நாட்டுச் சம்பிரதாயம். கலை வரலாற்று அறிஞர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1939-ல் காந்தாவைப் பற்றிக் கட்டுரை எழுதிய காலத்தில்கூட, இது வீட்டுக்குள் பிறந்து வீட்டுக்குள் கொடுக்கப்படும் பொருளாகவே பெரிதும் இருந்தது. வீட்டில் விலை இல்லாதது வெளியே வரும்போது விலை பெறுகிறது. இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வெளியே வரும்போது அது என்னவாகிறது என்பதுதான் கேள்வி.

இந்த வியாபாரமும் புதியதன்று. பதினாறாம் நூற்றாண்டிலேயே வங்காளத்தில் மஞ்சள் காட்டுப்பட்டால் தைத்த போர்வைகளைப் போர்த்துகீசியர் கப்பலேற்றி லிஸ்பனுக்குக் கொண்டுபோனார்கள். நம்முடைய சோழமண்டலக் கரையின் சீட்டித் துணி ஐரோப்பியப் படுக்கைகளைப் பிடித்துக்கொண்ட வேகத்தைக் கண்டு மிரண்டு, பிரான்ஸ் 1686-லும் இங்கிலாந்து 1701, 1721-லும் அதற்குத் தடைச் சட்டம் இயற்றவேண்டியிருந்தது. அருமையான துணியாதலால் மிச்சத் துண்டையும் எறிய மனம் வராமல் அங்குள்ள சீமாட்டிகள் சேர்த்துத் தைத்தார்கள். இங்கிலாந்தில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஒட்டுத்துணிப் போர்வைகளுள் ஒன்றான லெவன்ஸ் மாளிகைப் போர்வை, ஏறக்குறைய 1708-ல் இந்தியச் சீட்டித் துண்டுகளால் தைக்கப்பட்டது. நம்மவர் கந்தை என்று முகம் சுளிப்பதை அவர்கள் நம் துணியிலேயே தைத்து மூன்று நூற்றாண்டுகளாகப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

சந்தை செய்வதென்ன என்பதற்கு அமெரிக்காவின் அலபாமா நதி வளைவிலுள்ள ஜீஸ் பெண்ட் நல்ல சாட்சி. பருத்திப் பண்ணை அடிமைகளின் சந்ததியாரான கறுப்புப் பெண்கள், உழைத்து நைந்த காற்சட்டைகளை வெட்டிப் போர்வை தைத்துவந்தார்கள். 1966-ல் அப்பகுதிப் பெண்களுக்காக விடுதலைத் தையல் சங்கம் ஏற்பட்டது. நியூயார்க்கின் பெரிய கடைகள் வாங்க முன்வந்தன. வாங்கிய கடைகள் எல்லாப் போர்வையும் ஒரே அளவில், ஒரே மாதிரியில், ஒரே சீரான தையலில் வேண்டும் என்றன. 1972-ல் சியர்ஸ் கம்பெனிக்காக அவர்கள் தைத்தது போர்வைகூட அல்ல, கார்டுராய்த் தலையணை உறை. கூலி வந்தது, அவரவர் மனம்போலத் தைத்தது ஒதுங்கிற்று. பின்பு 2002-ல், சந்தைக்கென்று தைக்காத பழைய போர்வைகளை ஹூஸ்டன் நுண்கலைக் காட்சிச்சாலையும், தொடர்ந்து நியூயார்க்கின் விட்னியும் சுவரில் மாட்ட, உலகம் அவற்றை நவீன ஓவியத்துக்கு இணையென்று புகழ்ந்தது. 2006-ல் தபால்தலைகளும் வந்தன. கிடைத்த லாபத்தில் தங்கள் பங்கு என்ன என்று கேட்டுச் சில பெண்கள் 2007-ல் வழக்குத் தொடரவும் நேர்ந்தது. இதற்கெல்லாம் முன்பே, 1990-களின் தொடக்கத்தில், ஸ்மித்சோனியன் காட்சிச்சாலை தன்னிடமுள்ள பழம்போர்வைகளைப்போலவே சீனாவில் மலிவாகத் தைத்து விற்க அனுமதி கொடுத்தபோது, அமெரிக்கத் தையற்பெண்கள் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். சீனத்தில் தைத்தவையும் கையால் தைத்தவைதாம் என்பதை யோசித்துப் பார்த்தால், ‘கையால் செய்தது’ என்னும் முத்திரை மட்டும் போதாது, யாருடைய கை என்பதும் மக்களுக்கு முக்கியமாயிருக்கிறது என்பது விளங்கும்.

சித்திப் பெண்களுக்கும் இச்சோதனை வந்திருக்கிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக் கலை வரலாற்றுப் பேராசிரியர் ஹென்றி ஜான் ட்ரூவல் அவர்களுடைய கவந்திகளை ஆராய்ந்து எழுதினார். தையற்பெண்களின் கூட்டுறவு ஒன்றும் ஏற்பட்டது. போர்வைகள் கடல் கடந்து காட்சிக்குப் போயின. சொந்த வீட்டுக்குத் தைப்பவள் கையிலுள்ள பழந்துணியை எண்ணித் தைக்கிறாள். ஊர் பேர் தெரியாத வீட்டுக்குத் தைப்பவளோ துணிக்கே வேறு வழி தேடவேண்டும். கூலி கிடைப்பதை நான் குறை சொல்லமாட்டேன். கலை தூய்மையாயிருக்கட்டும் என்று இன்னொருத்தியைப் பட்டினி போட யாருக்கும் உரிமை இல்லை.

எனக்கே ஓர் அனுபவம் உண்டு. பழஞ்சேலையில் கையால் தைத்தது என்று சொல்லி ஒரு பட்டணத்துக் கடையில் விற்ற போர்வையை நல்ல விலைக்கு வாங்கி வந்து, முதல் துவைப்பில் சாயம் வாளியை நிறைத்தபோதுதான் அது புதுத்துணி என்று தெரிந்துகொண்டேன். கையால் தைத்தது என்னவோ உண்மை. குத்துகளில் கோணல் இருந்தது. இருந்தும் ஏமாற்றம் குறையவில்லை. அப்போதுதான், கந்தை என்பதில் இரண்டு காலங்கள் தைக்கப்பட்டிருக்கின்றன என்று பட்டது: தைத்த காலம் ஒன்று, துணியை உடுத்திய காலம் ஒன்று. முதலாவதைக் கூலி கொடுத்து வாங்கலாம். நாம் தேடிப் போவது பெரும்பாலும் இரண்டாவதை.

தமிழ்நாட்டில் அந்த இரண்டாவது எங்கே போயிற்று என்பதற்கு என்னிடம் ஒரு பதில் உண்டு. பழந்துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் வியாபாரி கூடையோடு தெருவுக்கு வரத் தொடங்கியதும், பாட்டி சேலையும் அப்பா வேட்டியும் எவர்சில்வர் டம்ளராகவும் தூக்காகவும் மாறிப் பரணில் ஏறிவிட்டன. பிறகு வந்த நைலக்ஸும் பாலியஸ்டரும் கிழிவதும் இல்லை, கிழித்துத் தைத்தால் படிவதும் இல்லை.

கோபிநத்தத்துத் திண்ணையில் மூவாயிரம் ரூபாய்ப் பேச்சுக்குப்பின் சிறிது நேரம் ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. பாட்டி போர்வையை மடித்து மடிமேல் வைத்துக்கொண்டார்.

“இது எங்க ஆத்தா சீலைங்க. இந்தக் காக்கி எம்பையனுது. இத எப்படிங்க குடுக்கறது?” என்றவர், வந்தவர் முகம் வாடியதைக் கண்டோ என்னவோ, “உங்கூட்டுப் பழஞ்சீல நாலு கொண்டாங்க. கூலி குடுத்தாச் சரி, தச்சுத் தாரேன்” என்றார்.

அம்மையார் யோசித்தார். தம் தாயாரின் பருத்திச் சேலைகளையெல்லாம் பாத்திரக்காரனிடம் போட்டாகிவிட்டது என்றார். கடைசியில், “வேறு யாருடைய பழஞ்சேலையாவது வாங்கி வந்தால் பரவாயில்லையா?” என்று கேட்டார்.

“எனக்குப் பரவாயில்லீங்க, போத்திக்கறது நீங்கதானே” என்றார் பாட்டி.